போட்டோவுக்கும் தடை கட்டுங்கள்

மிளகாய் வாங்கப் போகும் வியாபாரி எவரும் கிடங்கின் பல்புக்குக் கீழே நின்று விலை பேசுவதில்லை. கைப்பிடி மாதிரியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து நின்று, உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். துவரம் பருப்பானாலும் விரலி மஞ்சளானாலும் இதே வழக்கம்தான். மஞ்சள் வெளிச்சத்தில் பழைய பருப்பும் புதுசாகத் தெரியும், டியூப்லைட்டில் நல்ல மிளகாயும் வாடித் தெரியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அல்ல. கைப்பணம் கொடுத்துக் கற்றது.

சரக்கு விஷயத்தில் இவ்வளவு உஷாராக இருக்கும் நாம், நம் முகத்தைப் போட்டோ எடுக்கும்போது மட்டும் எந்த வெளிச்சத்தில் நிற்கிறோம் என்று கேட்பதே இல்லை. சங்க உறுப்பினர் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் இருப்பவர்கள் காமாலை கண்டவர்கள் போல இருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் பாசி படிந்த பச்சை. மண்டப வாசலில் சாமியானாவுக்குக் கீழே நின்றவர்கள் எல்லோரும் செக்கச் சிவந்து, கோபத்தில் இருப்பவர்கள் போலத் தெரிகிறார்கள். ஆள் யார் என்பதைக் கீழே அச்சிட்ட பெயரைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டால், "காமிரா சரியில்லை" என்பார்கள். காமிராவின் மேல் குற்றம் இல்லை. தடை கட்டாமல் நிறுத்ததுதான் குற்றம்.

எண்ணெய் வாங்கத் தூக்குவாளி கொண்டு வருபவருக்கு முதலில் என்ன செய்வோம்? வெறும் வாளியைத் தட்டில் வைத்துத் தடை கட்டுவோம். மின்னணுத் தராசு வந்த பிறகு ஒரு பொத்தானை அமுக்கினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. வேலை அதே வேலைதான். தடை கட்டாமல் நிறுத்தால் வாளியின் எடையும் எண்ணெயின் எடையாகக் கணக்கில் ஏறும். போட்டோவிலும் அப்படியே. காமிராவுக்குள் போவது முகத்தின் நிறம் மட்டும் அல்ல, வெளிச்சத்தின் நிறமும் சேர்ந்தே போகிறது. வெளிச்சத்தின் பங்கைக் கழிக்காவிட்டால் அது முகத்தின் கணக்கில் ஏறிவிடும். இந்தக் கழிவுக்குத்தான் போட்டோக்காரர்கள் 'ஒயிட் பேலன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிறமே இல்லாத ஒரு பொருளை, அதாவது வெள்ளையையோ சாம்பலையோ, காமிராவுக்குக் காட்டி, "இது நிறமில்லாமல் வர வேண்டும்" என்று சொல்லிவிட்டால், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் அது வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கத்தையே முகத்துக்கும் போடும். அவ்வளவுதான் விஷயம்.

நேரில் பார்க்கும்போது ஏன் இந்தத் தொல்லை இல்லை என்று கேட்கலாம். நம் கண்ணும் மூளையும் தாமாகவே தடை கட்டிக்கொள்கின்றன. அகல் விளக்கு வெளிச்சத்திலும் வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. ஆனால் போட்டோவைப் பார்க்கும்போது அந்த வெளிச்சத்துக்குள் நாம் இல்லை, வெளியே இருக்கிறோம். அதனால் கண் ஏமாறுகிறது. 2015 பிப்ரவரியில் உலகம் முழுவதும் ஒரு கவுனின் படத்தை வைத்துச் சண்டை போட்டது சிலருக்கு நினைவிருக்கும். வெள்ளையும் தங்கமும் என்று பாதிப் பேர், நீலமும் கறுப்பும் என்று மீதிப் பேர். ஒரே வீட்டில் புருஷனும் பெண்சாதியும் வேறு வேறாகச் சொன்னார்கள். உண்மையில் அந்தத் துணி நீலமும் கறுப்பும்தான். படத்தில் எந்த வெளிச்சம் என்று புரியாததால் ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதமாகக் கழிவு போட்டது. துணிக்கே இப்படி என்றால் முகத்துக்குக் கேட்க வேண்டுமா?

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஓர் அளவு உண்டு. கெல்வின் என்று பெயர். கொல்லன் உலையில் இரும்பு காயக் காய முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெண்மையாவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். மெழுகுவர்த்தி சுமார் 1,900. பழைய குண்டு பல்பு 2,700-லிருந்து 2,800. நடுப்பகல் வெயில் 5,500. மேகம் மூடிய வானம் 6,500. வெயில் படாமல் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் விழும் நிழல் 7,500-க்கும் மேல். எண் கூடக் கூட நீலம் என்பதை நினைவில் வைத்தால் போதும். நம் கடைகளில் விற்கும் எல்.இ.டி. பல்பு அட்டையிலேயே இந்த எண் அச்சிட்டிருக்கிறது. 3,000 என்றால் மஞ்சள் சாயல், 6,500 என்றால் நீல வெண்மை. வாடிக்கையாளர் கேட்டால் நாமே சொல்லலாம், மதிப்பாகவும் இருக்கும்.

பழைய டியூப்லைட்டில் இதற்கு மேல் ஒரு பச்சைச் சாயல் உண்டு. அது கெல்வின் கணக்குக்குள் அடங்காது. ஆகையால்தான் நிறத்தைத் திருத்தும் இடத்தில் இரண்டு கோல்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகரும். மற்றது பச்சைக்கும் மெஜந்தா என்கிற கத்திரிப்பூச் சிவப்புக்கும் இடையே நகரும். செல்போனிலும் இரண்டும் இருக்கின்றன. பலர் முதல் கோலை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, "சரியாக வரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

மலிவான பல்புகளில் இன்னொரு வம்பு. வெளிச்சம் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் அதற்குள் ஆழ்ந்த சிவப்புப் பங்கு குறைவாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் ரத்த ஓட்டமே இல்லாதது போல இருக்கும். இதை எந்தக் கோலை நகர்த்தியும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. மூட்டையில் இல்லாததைச் சலித்து எடுக்க முடியுமா? பல்பு வாங்கும்போது சி.ஆர்.ஐ. என்ற எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, நூற்றுக்குப் போடுவது.

காமிரா தானாகவே செய்யாதா?

செய்யும், தன் யோசனைப்படி. படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் நிறம் வர வேண்டும் என்பது அதன் பழைய கணக்கு. புதிய செல்போன்கள் இதற்கு மேலும் பலவற்றை ஆராய்கின்றன என்றாலும் அடிப்படை ஊகம்தான். மஞ்சள் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே முதலாளியை உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள். சட்டம் முழுக்க மஞ்சள். "வெளிச்சம் மஞ்சள் போலிருக்கிறது" என்று காமிரா நினைத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டும். மஞ்சள் வெளுத்துப் போகும், முதலாளி முகம் சாம்பல் பூத்துப் போகும். வற்றல் குவியலுக்கு முன்னால் நின்றாலும் இதே கதைதான். அங்கே சிவப்பைக் குறைத்து முகத்தைச் சோகையாக்கிவிடும். நிறமுள்ள சரக்கு நிறைந்த கடைகளில் தானியங்கியை நம்பக் கூடாது.

இன்னொன்றும் நம்மவர்களுக்கே உரியது. ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் வெள்ளைச் சுவர். காமிராவின் வெளிச்ச அளவியோ எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஆகவே வெள்ளையை மங்கலாக்கும், கூடவே முகங்களும் கருத்துப் போகும். அப்போது வேண்டியது வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவதுதான். நிறத்தில் கை வைக்கவே வேண்டியதில்லை. இருட்டு வேறு, நிறக்கோளாறு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு முகத்தில் மட்டும் வெள்ளை பூசிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. நிறத்தைச் சரிசெய்வது என்று சொல்லிக்கொண்டு ஆளைச் சிவப்பாக்குகிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படத்தில் தொடங்கிய பழக்கம் இது. இப்போது செல்போன்களிலேயே கேட்காமல் முகத்தை வழுவழுப்பாக்கும் வசதி வந்துவிட்டது. கறுப்பான பெண்ணை மாநிறமாகவும், மாநிறத்தைச் சிவப்பாகவும் காட்டி அனுப்பிவிட்டு, நேரில் வரும் சம்பந்திகள் முன்னால் நிற்பது யார்? மாதிரியில் ஒன்றும் மூட்டையில் ஒன்றுமாகச் சரக்கு அனுப்பினால் நாம் சும்மா இருப்போமா?

பிலிம் காலத்துக் கதை ஒன்று வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முகம். முதலில் அதற்கு நின்றவர் பெயரால் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அந்த முகம் சரியாக வரும்படி இயந்திரத்தைத் திருப்பி வைத்தால் போதும், மற்ற படங்களும் சரி என்று கொண்டார்கள். கறுத்த முகங்கள் நிழலுருவாகிக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகப் பேராசிரியை லோர்னா ரோத் இதை ஆராய்ந்து 2009-இல் கட்டுரை எழுதினார். கோடாக்கில் பணிபுரிந்தவர்களே அவரிடம் சொன்ன விவரம் என்னவென்றால், பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று கம்பெனியை உலுக்கியவர்களில் முக்கியமானவர்கள் சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் தயாரிப்பவர்களும்தானாம். பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை, ஒரு மரத்துக்கும் மற்றொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். பிலிம் திருந்தியது, முகங்களும் அதனால் பிழைத்தன. பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் மாதிரிப் படம் 1990-களில்தான் வந்தது. மனிதர் முகத்துக்காகத் திருந்தாதது சரக்குக்காகத் திருந்தியது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நமக்குத் தெரியவில்லை. வியாபாரியின் புகாருக்கு இருந்த பலத்தை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

தோலின் நிறம் பற்றி ஒரு செய்தி. மெலனின் என்ற பழுப்பு நிறமியும், தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பும் சேர்ந்துதான் எல்லோருக்கும் நிறம். நிறமி கூடலாம் குறையலாம், ஆனால் சாயல் ஏறக்குறைய ஒன்றே. டெலிவிஷன் நிலையங்களில் நிறத்தை அளக்கும் கருவியில் தோலுக்கென்று ஒரே ஒரு கோடுதான் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரரானாலும் ஆப்பிரிக்கரானாலும் நம்மவரானாலும் சரியாக எடுத்த முகம் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே வந்து நிற்கும். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து முகத்தின் மேல் குறியை வைத்தால் மூன்று எண்கள் காட்டும். சிவப்பு அதிகமாகவும், பச்சை அதற்கு அடுத்தும், நீலம் கடைசியாகவும் இருக்க வேண்டும். நீலம் பச்சையைத் தாண்டியிருந்தால் கணக்கில் எங்கோ பிசகு என்று பொருள்.

சென்ற ஆண்டு காலமான உறுப்பினர் ஒருவர் விஷயம். நாற்பது வருஷம் மளிகைக்கடை நடத்தியவர், போட்டோ என்றாலே ஒதுங்கிப் போகிறவர். சமீபத்தில் எடுத்தது என்று வீட்டில் ஒரு படமும் இல்லை, கையேட்டுக்காக மண்டபத்தில் எடுத்தது தவிர. மகன் அதைக் கொண்டுபோய் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கச் சொன்னார். ஒருபக்கம் டியூப்லைட் பச்சை, அதற்கு மேல் ஆரஞ்சு நிறத் திரைச்சீலையின் சாயல். ஸ்டூடியோக்காரர் சிரமப்படாமல் முகத்தைத் தேய்த்து வெளுப்பாக்கி, உதட்டுக்குச் சிவப்பு கொடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நாம் போயிருந்தபோது அந்த அம்மாள் படத்தை மாலையோடு பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது யாரோ மாதிரி இருக்கு. நான் விளக்கேத்துறேன், ஆனா அவங்களுக்கு ஏத்துற மாதிரி இல்லை" என்றார்.

மண்டபத்தில் எடுத்த மூலப் படம் சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. உறுப்பினர் ஒருவரின் பேரன் இந்தத் தொழில் படித்தவர். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதலில் வெள்ளைச் சட்டையைத் தொட்டு, "இது வெள்ளை" என்று சொல்லிக் கொடுத்தார். முகம் மஞ்சளாகிவிட்டது. காரணம் வேறொன்றுமில்லை, சொட்டு நீலம். நம் கடைகளில் விற்கும் அதே நீலம்தான். நீலம் போட்ட சட்டை வெள்ளை அல்ல, நீலம். அதை வெள்ளை என்று காமிராவுக்குச் சாட்சி சொன்னால் முகத்திலிருந்தும் நீலத்தைக் கழித்துவிடும். இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்க்கும் ரசாயனமும் நீலமாகவே ஒளிவிடும். அதன் பிறகு தம்பி நெற்றியில் இருந்த விபூதிப் பட்டையைத் தொட்டார். பட்டையின் நடுவில், குங்குமம் தொடாத இடத்தில். விபூதி சாம்பல்தானே, அது பொய் சொல்லவில்லை. பச்சை விலகியது, ஆரஞ்சு விலகியது. இரண்டாவது கோலை இம்மி அளவு மெஜந்தாப் பக்கம் நகர்த்தினார். பிறகு வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார். கன்னத்தில் தேய்ப்பு இல்லை, உதட்டுக்குச் சாயம் இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை அப்படியே இருந்தது. அவருடைய நல்ல கறுப்பு நிறம் அப்படியே இருந்தது. அந்த அம்மாள் புதுப் படத்தைப் பார்த்து வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கடையிலேருந்து இப்பதான் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார்.

எல்லோர் நெற்றியிலும் விபூதி இருக்காது, இருந்தாலும் சந்தனம் கலந்திருக்கும். ஆகையால் சாம்பல் அட்டை என்று விற்பதை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. மேலே விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும்படி செய்த அட்டை அது. முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம், பிறகு அட்டை இல்லாமல் வேண்டிய படங்கள். முதல் படத்தில் அட்டையைத் தொட்டுக் கழிவு எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதையே மற்றவற்றுக்கும் போட வேண்டும். அட்டையின் மூன்று எண்களும் ஒன்றாக வந்தால் சரி. 150, 150, 150 என்று இருக்க வேண்டியது 170, 150, 120 என்று இருந்தால் மஞ்சள் மிஞ்சியிருக்கிறது. ஜெராக்ஸ் தாளை அட்டைக்குப் பதில் பிடிக்காதீர்கள். அதிலும் சட்டையில் சொன்ன ரசாயனம் இருக்கிறது. செய்தித்தாள் பழுப்பு. முதியவர்களின் நரைமுடியும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளோடியிருக்கும்.

வெளிச்சம் இரண்டு விதமாக விழுந்தால் எந்த அட்டையாலும் பயன் இல்லை. ஒரு கன்னத்தில் வாசல் வெளிச்சம், மறு கன்னத்தில் பல்பு என்றால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். இரண்டு வாளிக்கு ஒரே தடை கட்ட முடியாது. விளக்கை அணைத்துவிட்டு வாசல் அருகே வந்துவிடுவதுதான் வழி. கடைக்கு முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அதையும் சுருட்டிவிடுங்கள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவரிலிருந்து நாலடி தள்ளி நில்லுங்கள். நிழல் விழும் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையைப் பிடித்தால் முகம் தெளியும். படம் எடுப்பவரிடம் 'ரா' என்ற வகையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதில் கழிவை எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், படம் கெடாது. செல்போன்களில் வழக்கமாகப் பதிவாகும் வகையில் அந்தச் சலுகை குறைவு.

கடையில் மாட்டியிருக்கும் பெரியவர்களின் பழைய கலர் படங்கள் சிவந்து போயிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அந்தக் காலத்துக் கலர்த் தாளில் நீலப்பச்சைச் சாயம் மற்ற சாயங்களுக்கு முன்னால் மங்கிப்போவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஸ்கேன் செய்து சரிசெய்யலாம். ஆனால் சட்டையின் வெள்ளையை மட்டும் சரிசெய்தால் தலைமுடி சிவப்பாகவே நிற்கும். வெள்ளை, கறுப்பு இரண்டு முனையையும் தனித்தனியே சரிசெய்யச் சொல்ல வேண்டும். மூலப் படத்தை ஸ்டூடியோவில் விட்டுவிட்டு வராதீர்கள், புதுப் படம் வந்துவிட்டது என்று பழையதைத் தூக்கியும் போடாதீர்கள். படத்துக்கு நேராகச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு போட்டுவிட்டு நிறம் சரியில்லை என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

அடுத்த கையேட்டுக்கான படங்களை மண்டபத்துக்குள் எடுப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. சங்கக் கட்டடத்தின் வடக்குத் தாழ்வாரத்தில், காலை ஒன்பது மணிக்கு மேல் பதினோரு மணிக்குள் எடுக்கப்படும். வெள்ளைச் சட்டையே அணிந்து வரலாம், தடை இல்லை. வெள்ளைச் சுவருக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் துணி பின்னால் கட்டப்படும். யார் முகத்திலும் பூச்சு வேலை செய்யக் கூடாது என்று எடுப்பவரிடம் சொல்லியாகிவிட்டது. சாம்பல் அட்டைகள் இரண்டு வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வீட்டு விசேஷங்களுக்கு வேண்டுவோர் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். மடக்காமல், எண்ணெய்க் கை படாமல் திருப்பித் தரவும்.